சக்கரம் வச்ச வீடும் ஒரு சொம்புத் தண்ணியும்



லீவுக்கு அமெரிக்கா போயிட்டு வந்தவள்னு தெரிஞ்சதில் இருந்து எல்லாரும் என்கிட்ட கேக்குறது ஒண்ணுதான். "நயாகரா பாத்தியா? சுதந்திர தேவி சிலை பாத்தியா?" ரெண்டும் பாக்கலை. நாப்பது நாளில் முக்காவாசி நாள் மாமா வீட்டு வாசலில் நின்ன ஒரு பழைய வண்டிக்குள்ளே உட்கார்ந்து உப்புத்தாள் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். இதைச் சொன்னதும் வகுப்பே சிரிச்சது. தமிழம்மா மட்டும் சிரிக்கலை. "அதையே எழுதும்மா"ன்னு ரெண்டு சார்ட் தாள் கொடுத்தாங்க. அதனால் இந்த மாசம் நம்ம சுவரில் எங்க மாமா வண்டி ஏறியிருக்கு.

என் மாமா ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்தில் வேலை பார்க்கிறாங்க. தாத்தா தவறிய பிறகு தனியா இருந்த அம்மாச்சியைப் போன டிசம்பரில் அங்கே கூட்டிட்டுப் போனாங்க. ஆறு மாசம் முடியப் போகுது, திரும்பக் கூட்டி வரணும்னு முழு ஆண்டுத் தேர்வு முடிஞ்ச கையோட அம்மாவும் நானும் கிளம்பினோம்.

வண்டின்னா என்ன வண்டி? சினிமா ஷூட்டிங்கில் நடிகர்களுக்கு நிக்குமே கேரவன், அதோட தாத்தான்னு வச்சுக்கோங்க. ஆனால் இதுக்கு என்ஜின் கிடையாது. டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டுற மாதிரி, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துட்டுப் போகணும். உள்ளே படுக்கை, அடுப்பு, மேசை எல்லாம் இருக்கும். டிராவல் டிரெய்லர்னு சொல்றாங்க.

அந்த ஊரில் இதுக்கு ஒரு வரலாறே இருக்கு. 1930-களிலேயே வாலி பையம் என்பவர் ஏர்ஸ்ட்ரீம் என்ற பெயரில் வெள்ளி மாதிரி மின்னும் அலுமினிய டிரெய்லர்களைச் செய்து விற்க ஆரம்பிச்சார். 1956-ல் அதிபர் ஐசனோவர் காலத்தில் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. நாடு முழுக்கப் பெரிய ரோடுகள் போட்டாங்க. குடும்பம் குடும்பமா ஊர் சுத்தக் கிளம்பினதும் சின்னச் சின்ன டிரெய்லர்கள் நிறைய வந்தது. 1959-ல் அதே வாலி பையம் ஒரு பெரிய கூட்டத்தையே டிரெய்லர்களோட ஆப்பிரிக்காவில் கேப் டவுனில் இருந்து கெய்ரோ வரைக்கும் கூட்டிட்டுப் போனாராம். இன்னொரு செய்தி கேட்டா ஆச்சரியப்படுவீங்க. 1969-ல் நிலாவுக்குப் போயிட்டு வந்த அப்பல்லோ 11 வீரர்கள் மூணு பேரையும், நிலாக் கிருமி ஏதாவது பரவிடக் கூடாதுன்னு முதல் சில நாள் அடைச்சு வச்சாங்க இல்லையா? அது மாற்றி அமைச்ச ஒரு ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரில்தான்!

இப்போ அந்தப் பழைய வண்டிகளைத் தேடிப் பிடிச்சு வாங்கி, அழகு பண்ணி, காட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தித் தங்குறது அங்கே ஒரு பெரிய ஆசை. மாமாவுக்கும் அந்த ஆசைதான். வாங்கினது 1964-ல் செய்த வண்டி. 16 அடி நீளம். பக்கவாட்டில் பார்த்தா டிபன் டப்பாவைப் படுக்கப் போட்ட மாதிரி முன்னும் பின்னும் உருண்டையா இருக்கும். மேல் பாதி கிரீம் கலர், கீழ்ப் பாதி மயில் கழுத்துக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு நீலம். பார்த்த உடனே எனக்குப் பிடிச்சுப் போச்சு. "அம்மாவை இதில் வச்சு ஊரெல்லாம் காட்டணும்"னு மாமா சொன்னாங்க. அம்மாச்சி ஒண்ணும் சொல்லலை.

நாங்க போன முதல் வாரமே ஒரு சம்பவம். அத்தை குளிர்காலத்திலேயே உள்சுவருக்கெல்லாம் கிரீம் கலர் பெயிண்ட் அடிச்சு முடிச்சிருந்தாங்க. அவ்வளவு நேர்த்தி. ஏப்ரல் மாசம் அங்கே மழை. ரெண்டு நாள் விடாமல் பெய்தது. மூணாம் நாள் கதவைத் திறந்தா, பின்பக்க ஜன்னலுக்குக் கீழே டீ கொட்டின மாதிரி ஒரு கறை. மாமா திருப்புளியை எடுத்து லேசா அழுத்தினாங்க. கேக்குக்குள்ளே கத்தி போற மாதிரி உள்ளே போயிடுச்சு. பெயிண்டுக்குப் பின்னால் மரம் முழுக்க மக்கிப் போயிருந்தது. அத்தை அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுட்டாங்க. அத்திப்பழத்தைப் புட்டுப் பார்த்தா அத்தனையும் புழுன்னு சொல்லுவாங்களே, அதேதான்.

மாமா அப்போதான் எனக்கு விளக்கினாங்க. இந்த வண்டிகளுக்கு வெளியே மெல்லிசான அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட், நடுவில் விரல் கனத்துக்கு மரச்சட்டம். அவ்வளவுதான் உடம்பு. ஜன்னல் ஓரம், கூரையில் காத்துப் போற திறப்பு, மூலையில் தகடு சேரும் இடம், இங்கேயெல்லாம் அறுபது வருஷத்துக்கு முன்னால் வச்ச பட்டி காய்ஞ்சு வெடிச்சிருக்கும். அது வழியா சொட்டுச் சொட்டா இறங்கும் தண்ணி வெளியே தெரியாமல் மரத்தைத் தின்னுடும். அதனால் அழகு வேலைக்கு முன்னால் ஒழுகலை நிறுத்தணும். இதில் மாத்தமே கிடையாது.

மறுபடி முதலில் இருந்து ஆரம்பிச்சோம். ஜன்னலைக் கழட்டி, மக்கின சட்டத்தை அறுத்து எடுத்துப் புதுசு வச்சு, ஜன்னலைச் சுத்திப் பசை நாடா ஒட்டித் திரும்ப முடுக்கினோம். வெளியே ஒருத்தர் குழாயில் தண்ணி அடிக்க, உள்ளே நான் டார்ச் வச்சுக்கிட்டுப் பார்ப்பேன். ஒரு சொட்டு வந்தாலும் மறுபடி கழட்டணும். மூணு தடவை கழட்டினோம்! பழைய பெயிண்டைத் தேய்க்கிறதுக்கு முன்னால் அதில் ஈயம் இருக்கான்னு சோதிச்சுப் பார்த்தாங்க மாமா. அங்கே வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978-ல்தானாம். தூசி மூக்கில் போகாமல் முகமூடி போட்டு, தண்ணி தொட்டுத் தொட்டுத்தான் தேய்ச்சேன்.

அப்புறம்தான் எனக்குப் பிடிச்ச வேலை வந்தது. தரைக்குக் கறுப்பும் வெள்ளையுமா சதுரம் போட்ட வினைல் விரிப்பு. கூரையில் இருந்த பழைய மரப்பலகைக்குப் பெயிண்ட் அடிக்காமல் வார்னிஷ் மட்டும். மேசைக்கு ரெண்டு பக்கமும் பெஞ்சு. ராத்திரி மேசையைக் கீழே இறக்கி, பெஞ்சு மெத்தைகளை அதுமேல் வச்சா ரெண்டு பேர் படுக்கும் கட்டில் ஆயிடும். எங்க அம்மா டெய்லர்னு உங்களுக்குத் தெரியும். அத்தையோட சின்னத் தையல் மெஷினில் மெத்தை உறைகளை ஜிப் வச்சுத் தைச்சாங்க. ஜன்னல் திரைக்கு என்ன துணின்னு யோசிச்சப்போ அம்மாச்சி உள்ளே போய் ஒரு அரக்குக் கலர் சுங்குடிச் சேலையைக் கொண்டு வந்து போட்டாங்க. "கட்டிக் கட்டி நஞ்சு போச்சு. முந்தி மட்டும் நல்லாருக்கும், பாரு"ன்னாங்க. மதுரையில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்தின அந்த வெள்ளைப் புள்ளிகள் ஒஹாயோ வெயிலில் தெரிஞ்சதைப் பார்க்கணுமே! அடுப்புப் பக்க ஜன்னலுக்கு மட்டும் தீப்பிடிக்காமல் இருக்கத் திரை வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க.

பீங்கான் தட்டு கனம், உடையும். அதனால் மெலமைன் தட்டு. டம்ளர் நம்ம ஊர் எவர்சில்வர். அஞ்சறைப் பெட்டி ஓடும்போது கவிழாமல் இருக்க அடியில் ஒட்டு நாடா. இழுப்பறை தானாத் திறக்காமல் இருக்கக் கொக்கி. கேஸ் குழாய் பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டி, இணைப்பில் எல்லாம் சோப்புத் தண்ணி தடவிக் குமிழி வருதான்னு பார்த்தோம். கார்பன் மோனாக்சைடு வந்தா கத்துற கருவி ஒண்ணும், புகைக்கு ஒண்ணும் மாட்டினாங்க. மூடின வண்டிக்குள்ளே குளிருக்காக அடுப்பைப் பத்த வச்சுக்கிட்டுத் தூங்கவே கூடாதாம். வாசலில் கட்டக் கோடு போட்ட துணிப் பந்தல், அதில் தொங்க சீரியல் செட், கலர் துணித் தோரணம். படியில் நானே நாலு புள்ளிக் கோலம் ஒண்ணு பெயிண்டில் போட்டேன்.

மிச்சம் இருந்தது கதவு ஓரத்தில் ஒரு உயரமான அலமாரி. அதில் ஆளுயரக் கண்ணாடி வச்சு, துணி மாட்டணும்னு அத்தைக்கு ஆசை. சத்தியமா எனக்கும் அதுதான் ஆசை. அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது அதைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம். அம்மாச்சி மெதுவா, "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்குறேன்"னாங்க.

மாமா கையில் எடுத்த சோறு அப்படியே நின்னது. "உனக்காகத்தானேம்மா இவ்வளவும்."

"எனக்கு முட்டி வலிக்குது தம்பி. குளிரும் ஆகாது."

முட்டியும் இல்லை, குளிரும் இல்லை. எனக்குத் தெரியும். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது சொந்தக்காரங்க எல்லாரும் ஒரு வேன் பிடிச்சுத் திருச்செந்தூர் போனோம். அம்மாச்சி முதல் நாள் ராத்திரியில் இருந்தே தண்ணி குடிக்கலை. அப்படியும் பாதி வழியில் முடியலை. வேனில் ஆம்பளைங்க நிறையப் பேர். நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டே வந்தாங்க. கோயில்பட்டி தாண்டி இறங்கும்போது சேலை நனைஞ்சிருந்தது. என்னைப் பின்னால் ஒட்டி நடந்து வரச் சொன்னாங்க. "யார்கிட்டயும் சொல்லக் கூடாது ஆத்தா"ன்னு என் தலையில் கை வச்சாங்க. அதுக்கப்புறம் அம்மாச்சி எந்தப் பயணத்துக்கும் வந்ததில்லை. கல்யாணம், காதுகுத்து எதுக்குக் கூப்பிட்டாலும் முட்டி வலிதான்.

நாலு வருஷம் காப்பாத்தின வாக்கை அன்னைக்கு ஒரு நொடியில் உடைச்சுட்டேன். "அம்மாச்சிக்கு அடிக்கடி ஒண்ணுக்கு வரும். அடக்க முடியாது. அதான் வரமாட்டேங்கிறாங்க!"

யாரும் பேசலை. அம்மாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. கோபம் கூட இல்லை அதில். தட்டை எடுத்துக்கிட்டுப் போய்க் கழுவி வச்சுட்டு அறைக்குள்ளே போயிட்டாங்க. ரெண்டு நாள் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. நான் செஞ்சது சரியா தப்பான்னு எனக்கு அப்பவும் தெரியலை, இப்பவும் முழுசாத் தெரியலை. தனியா மாமாகிட்ட சொல்லியிருக்கலாம். சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் காலையில் வண்டிப் பக்கம் போனா, அத்தை அந்த அலமாரிக்குள்ளே நின்னு அளவு நாடா பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. "கண்ணாடி எங்கே வேணா மாட்டலாம். இது இங்கே மட்டும்தான் வைக்க முடியும்"னு மட்டும் சொன்னாங்க.

அந்தக் காலத்துச் சின்ன டிரெய்லர்கள் பலதில் கழிவறையே கிடையாது. முகாம் மைதானத்தில் பொதுக் கழிவறை இருக்கும், ஆனால் ராத்திரி இருட்டில் குளிரில் நடக்கணும். அதுக்காகக் கையால் தூக்குற மாதிரி ஒரு கழிவறை விக்குது. மேல் பாதியில் கழுவி விடுற தண்ணி, கீழ் பாதியில் கழிவுத் தொட்டி, நடுவில் இழுத்துத் திறந்து மூடுற தகடு. வாடை வராமல் இருக்க மருந்து ஊத்தணும். நிறைஞ்சதும் கீழ்ப் பாதியைத் தனியாக் கழட்டி, முகாமில் அதுக்குன்னே இருக்கும் குழியில் கொட்டிக் கழுவணும். மாமா பெஞ்சில் ஒரு அடியை அறுத்துக் குறைச்சு அந்த அறையை அகலமாக்கினாங்க. பிடிச்சு எழுந்திருக்க ஒரு கம்பி, ஒரு சின்ன ஜன்னல், கைக்கு எட்டுற மாதிரி ஒரு தண்ணிக் குடம், ஒரு மக்கு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளை நான்தான் முடுக்கினேன்.

கிளம்புறதுக்கு முதல் நாள் மாமா சாமான் ஏத்திக்கிட்டு இருந்தாங்க. தண்ணி கேன், பேட்டரி, அரிசி, பாத்திரம் எல்லாம் பின்பக்கம். வாசலில் இருந்து ஒரு குரல். "டே தம்பி, பின்பாரம் ஏத்தாதடா! வண்டி தூக்கிரும்."

அம்மாச்சி! தாத்தாவோட மாட்டு வண்டியில் நாப்பது வருஷம் நெல்லு மூட்டை ஏத்தினவங்க. பின்பாரம் கூடினா நுகத்தடி மேலே தூக்கி மாட்டுக் கழுத்தை இறுக்கும். முன்பாரம் கூடினா கழுத்தை அழுத்தும். அளவா முன்பாரம் இருக்கணும். மாமா சிரிச்சுட்டாங்க. டிரெய்லருக்கும் அதே கணக்குதானாம்! மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கார் கொக்கியின் மேல் இறங்கணும். குறைஞ்சா, வேகமாப் போகும்போது டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிஞ்சு காரையே புரட்டிடும். எடை மேடைக்குப் போய்ப் பார்த்தோம். மொத்தம் 1,150 கிலோ, கொக்கியில் 95 கிலோதான். குறைஞ்சது 115 வேணும். அம்மாச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்து "அதை முன்னுக்குத் தள்ளு, இதை அச்சு மேல வை"ன்னு சொல்லச் சொல்ல நாங்க மாத்தி வச்சோம். அப்புறம் 130 கிலோ வந்தது. "நாளைக்கு என்ன நேரம் கிளம்புறோம்?"னு அம்மாச்சி கேட்டாங்க. மாமா பதில் சொல்லாமல் திரும்பி நின்னு முகத்தைத் துடைச்சாங்க.

போன இடம் ஹாக்கிங் ஹில்ஸ் மலைப் பூங்கா. மே மாசம் மூணாம் வாரம். ஓடும்போது டிரெய்லருக்குள்ளே ஆள் உட்காரக் கூடாது, ஒஹாயோவில் அது சட்டம். அதனால் எல்லாரும் காரில்தான். வழியில் ரெண்டு தடவை மாமா தானாகவே ஓய்விடத்தில் நிறுத்தி, "டயர் பாக்கணும்"னு சொல்லி இறங்கிப் போயிட்டாங்க. அம்மாச்சி டிரெய்லருக்குள்ளே போயிட்டு வந்தாங்க. தாழ்ப்பாள் போடுற சத்தம் எனக்குக் கேட்டது.

சாயங்காலம் பந்தலுக்குக் கீழே சீரியல் செட் எரிஞ்சது. சுங்குடிப் புள்ளிக்குப் பின்னால் விளக்கு எரிய, வண்டி கார்த்திகைக்கு வச்ச மாடம் மாதிரி இருந்தது. பக்கத்து முகாமில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வந்து திரைச்சீலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. அம்மாச்சி "மதுரை"ன்னு மட்டும் சொன்னாங்க. இட்லியும் தக்காளிச் சட்னியும். சாப்பிட்டு முடிச்சதும் அம்மாச்சி என்னைக் கூப்பிட்டு, "ஆத்தா, அந்தச் சொம்புல தண்ணி மோந்து கொடு"ன்னாங்க. கொடுத்தேன். அண்ணாந்து ஒரே மூச்சில் முழுச் சொம்பையும் குடிச்சாங்க. எனக்கு விவரம் தெரிஞ்ச நாளில் இருந்து வெளியூரில் அம்மாச்சி இப்படித் தண்ணி குடிச்சு நான் பார்த்ததே இல்லை. எப்பவும் நாக்கை நனைக்கிற அளவுதான்.

மறுநாள் ஆஷ் கேவ் போனோம். மலை குடைஞ்ச மாதிரி ஒரு பெரிய பாறைக் குடை. 700 அடி நீளம், 90 அடி உயரம். மேலே இருந்து மெல்லிசா ஒரு அருவி விழுது. சக்கர நாற்காலி போக நல்ல பாதை போட்டிருக்காங்க. அம்மாச்சியை நான் தள்ளிட்டுப் போனேன். அருவிச் சாரல் முகத்தில் படும் இடத்தில் நிறுத்தச் சொன்னாங்க. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "உங்க தாத்தா குத்தாலம் கூட்டிட்டுப் போறேன்னு எத்தனையோ வருஷம் கூப்பிட்டாரு. நான்தான் முட்டி வலின்னு சொல்லிட்டேன்"னாங்க.

"மன்னிச்சுக்கோங்க அம்மாச்சி"ன்னேன்.

"நீ எதுக்குடி? அவருகிட்ட நானே வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்."

ஊருக்கு வந்து, இதை எழுதலாமான்னு அம்மாச்சிகிட்ட கேட்டேன். ஒரு நாள் யோசிச்சாங்க. "எழுது. பேரு மட்டும் போடாத"ன்னாங்க. அதனால் என் பேரும் போடலை. அடுத்த மாசம் அம்மாச்சி குத்தாலம் போகணுமாம். எங்க அப்பா வேன்காரர்கிட்ட முதலில் கேட்ட கேள்வி, வழியில் எங்கெங்கே நிறுத்துவீங்கங்கிறதுதான்.

தோழிகளே, ஒண்ணு சொல்லி முடிக்கிறேன். நம்ம வகுப்பில் எத்தனை பேரோட தண்ணி பாட்டில் சாயங்காலம் நிறைஞ்சபடியே வீட்டுக்குத் திரும்பிப் போகுது? ஏன்னு நமக்கெல்லாம் தெரியும். நாமளும் முட்டி வலின்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கோம். தலைமையாசிரியை அம்மா தினமும் பிரேயர் முடிஞ்சதும் இந்தச் சுவரைப் படிப்பாங்க. அதனால் இங்கேயே எழுதுறேன்: பின்பக்கக் கழிவறையில் மூணாவது கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு தாழ்ப்பாள், நாலு திருகாணி, ஒரு திருப்புளி போதும். முடுக்க எனக்குத் தெரியும்.

– பத்தாம் வகுப்பு ‘இ’ பிரிவு மாணவி